ஒரு குடம் மஞ்சள் தண்ணீர்

பெருங்கொல்லைப்பட்டி,
கந்தர்வக்கோட்டை வழி.
27.5.2024

என் மருமகள் நித்யாவுக்கு மாமன் வீரய்யா சொல்லி எழுதுவது.

ஆத்தா, நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். செவந்திக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா? தங்கச்சி தைலம் தேய்க்கச் சோம்பல்படுவாள், நீ பார்த்துக்கொள். இங்கே நானும் மாடும் இருக்கிறோம். செல்லில் பேசினால் எனக்கு இரைச்சல்தான் விழுகிறது, பேச்சு விழுவதில்லை. அதனால் வழக்கம்போல் போஸ்டாபீஸில் பிளெஸ்ஸியின் எதிரே உட்கார்ந்து சொல்கிறேன், அது எழுதுகிறது.

உன் அப்பாவை, என் மாப்பிள்ளையை, நீ காரில் திரும்பக் கூட்டிப்போய் மூன்று நாள் ஆகிறது. திருவிழாவுக்குக் கொண்டுவந்து விட்ட அன்று நீ வாசலில் நின்று சொன்னது எல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது. "மாமா, ரத்தப் புத்துக்கு மருந்து ஏத்த அப்பாவுக்கு வலது கையில கொழாய் வெச்சிருக்காங்க. அது உள்ளுக்குள்ளயே நெஞ்சு வரைக்கும் போகுது. ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. அப்பா ஒடம்புல கிருமிய எதிர்க்கச் சக்தியே இல்ல" என்றாய். அஞ்சு நாளும் குளிக்கும்போது நானே பாலிதீன் கவர் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மஞ்சத்தண்ணியோடு திருவிழா முடிந்தது. முறைக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்.

கையில் கட்டு எப்படி இருக்கிறது? மாற்றியாகிவிட்டதா? பிரிக்கும்போது உள்ளே சிவப்பு ஏதும் இருந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

முந்திரிப் பருப்பு ஒரு கிலோ பார்சலில் வரும். மாப்பிள்ளைக்கு வறுக்காமல் கொடு.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
மாமன்.


தாம்பரம்,
4.6.2024

அன்புள்ள மாமாவுக்கு நித்யாவின் வணக்கம்.

உங்கள் இடுப்புவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி நல்லபடியாக எழுத முடியவில்லை.

ஊரிலிருந்து வந்ததும் அப்பாவுக்கு மூன்று நாள் மருந்து ஏறியது. வாரம் ஒரு முறை அந்தக் குழாய்க்குள் மருந்துத் தண்ணீர் செலுத்திக் கழுவி, கட்டு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நான்தான் செய்வேன். ஞாயிற்றுக்கிழமையும் செய்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அப்பாவுக்கு நடுக்கம் கண்டது. "போத்துடா, இன்னொண்ணு போத்து" என்கிறார். நான்கு போர்வை போர்த்தியும் கட்டில் கிடுகிடுவென்று ஆடுகிறது. ஜுரம் நூற்றி மூன்று. உடனே சேர்த்துவிட்டோம். ரத்தத்தில் வெள்ளை அணு என்று ஒன்றுமே இல்லையாம்.

டாக்டர் முதலில் கேட்டது, "கட்டு எப்பவாவது நனைஞ்சுச்சா?" இல்லை என்றேன். "ஊருக்குப் போயிருந்தாரே, அங்க?" என்றார். "எங்க மாமா இருக்காங்க சார், அப்படியெல்லாம் விடமாட்டாங்க" என்றேன்.

நீங்கள் சிவப்பு இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். ஊரிலிருந்து வந்த பிறகு கட்டைப் பிரித்தபோது கொஞ்சம் இருந்தது. மேலே நாங்கள் ஒட்டாத வெள்ளை பிளாஸ்திரி ஒன்று இருந்தது. அப்பாவைக் கேட்டேன். "வேர்வையில ஓரம் உரிஞ்சுச்சு, மச்சான் ஒட்டிவிட்டாரு" என்றார். அப்படித்தானே மாமா?

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நித்யா.


பெருங்கொல்லைப்பட்டி,
8.6.2024

ஆத்தா நித்யாவுக்கு மாமன் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை பிளெஸ்ஸி இரண்டு தடவை வாசித்தது. கட்டில் ஆடியது என்ற இடத்தை மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னேன்.

உன் அப்பா ஆத்மநாதன் எனக்கு மாப்பிள்ளையாய் வந்தது எண்பத்தி நாலு ஆவணி. அன்று அப்படி ஒரு மழை. மாப்பிள்ளை வீட்டு வேன் கண்மாய்க் கரையில் புதைந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினார். மணவறையில் உட்காரும்போது முழங்கால் வரைக்கும் சேறு. அந்த ஆளைப் போர்வை நாலு போட்டும் நடுங்க வைத்திருக்கிறது என்றால் அது லேசான ஜுரம் இல்லை.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். ஆமாம், ஓரம் உரிந்திருந்தது, நான்தான் ஒட்டினேன்.

(இந்த இடத்தில் மூன்று வரிகள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன். டாக்டர்கள் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

மாமன் வீரய்யா.


தாம்பரம்,
15.6.2024

அன்புள்ள மாமா,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒன்றும் சரியில்லை.

அப்பாவின் ரத்தத்தைக் குழாயிலிருந்து கொஞ்சம், இடது கை நரம்பிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தனித்தனியாக வளர்த்துப் பார்த்தார்கள். குழாயில் எடுத்ததில்தான் கிருமி முதலில் வளர்ந்தது. அப்படியென்றால் கிருமி உட்கார்ந்திருப்பது குழாயில், அங்கிருந்துதான் ரத்தத்துக்குள் போகிறது என்றார்கள். அது தண்ணீரில் வாழும் கிருமியாம். அப்பாவுக்கு வேறு நரம்பு கிடைப்பது கஷ்டம் என்பதால், குழாயை எடுக்காமல் மருந்திலேயே கிருமியைக் கொன்றுவிடலாம் என்று ஒரு வாரம் பார்த்தார்கள். கேட்கவில்லை. நேற்று உருவிவிட்டார்கள். "நனைஞ்சதுன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா மொத நாளே உருவியிருப்போம்மா" என்றார் டாக்டர்.

நனையவே இல்லையே மாமா. அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? என் கையிலிருந்துதான். எங்கள் குளியலறைக் குழாயில்தான் கையைக் கழுவிவிட்டுக் கட்டு மாற்றினேன். அதன் பிறகு மருந்துத் திரவமும் தடவினேன். தடவினேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அம்மா வார்டு வாசலில் வைத்தே கேட்டார். "ஆபீஸுக்கு நேரமாச்சு நேரமாச்சுன்னு அரைகுறையா கைய கழுவிட்டு வந்து தொட்டியாடி?" அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. நான் சமைத்துக் கொண்டுபோவதைத் தொடுவதில்லை. கேன்டீனில் பன் வாங்கிச் சாப்பிடுகிறார். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து எரிகிறது.

உங்கள் கடிதத்தில் மூன்று வரி அடித்திருந்ததே, என்ன மாமா அது? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிளெஸ்ஸி அக்கா நன்றாகவே அடித்திருக்கிறார்.

நித்யா.


பெருங்கொல்லைப்பட்டி,
21.6.2024

மருமகள் நித்யாவுக்கு.

கடிதம் வந்தது. மாடு சினையாக இருக்கிறது. மழை இல்லை.

அந்த மூன்று வரி ஒன்றுமில்லை ஆத்தா. கன்று விற்ற கதை. ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று அடிக்கச் சொல்லிவிட்டேன்.

செவந்தியிடம் சொல், பிள்ளையை ஏச வேண்டாம் என்று அண்ணன் சொன்னதாக. உன் கையில் ஒரு குறையும் இருக்காது. மாப்பிள்ளை தேறி வந்துவிடுவார்.

வீரய்யா.

நித்யாவுக்கு, இது பிளெஸ்ஸி நானாக எழுதுவது. அவர் சொன்னால் எழுதுகிறேன், அடி என்றால் அடிக்கிறேன். போஸ்டாபீஸ் வேலையில் அதற்கு மேல் எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் மாமா நான்கு நாளாகத் தினமும் இங்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். இன்றுதான் வாயைத் திறந்தார். நீங்கள் திரும்பவும் கேளுங்கள்.


தாம்பரம்,
27.6.2024

மாமா,

சுகம் விசாரித்து எழுத மனம் இல்லை, மன்னியுங்கள்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ரத்த அழுத்தம் நிற்கவில்லை. முந்தாநாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வாய்க்குள் குழாய் போடுவதற்கு முன்னால் என்னை மட்டும் கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஊர்ல கட்டு நனைஞ்சுச்சுடா. நான்தான் ஆசப்பட்டுத் தண்ணியில நின்னேன். ஒம்மேல தப்பில்ல. மாமாகிட்ட கேக்காத. மச்சான் தாங்கமாட்டாரு."

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பேச முடியாம கெடக்குற மனுசன் மேல பழிய தூக்கிப் போடுறியாடி? அவரு வந்து இல்லைன்னு சொல்லமாட்டாருன்னு தைரியமா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கேட்கக்கூடாது என்று அப்பா சொல்லியும் கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் கூட இருந்தீர்கள். நீங்கள் பார்த்தீர்களா மாமா? அம்மா வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டார். நீங்கள் சொன்னால் நம்புவார். ஒரு வரி எழுதுங்கள்.

நித்யா.


பெருங்கொல்லைப்பட்டி,
2.7.2024

ஆத்தா நித்யாவுக்கு, அடிக்கச் சொல்லாமல் சொல்கிறேன்.

இந்தச் சுற்று வட்டத்தில் வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு எது வந்தாலும் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் எந்த வருஷம் எந்தப் பனைமரம் எங்கே நின்றது என்று கேட்டால் சொல்வேன். புதுக்கோட்டை கோர்ட்டில் ஒரு வக்கீல் ஒரு மணி நேரம் மடக்கி மடக்கிக் கேட்டும் என் வார்த்தை மாறவில்லை. ஊருக்கெல்லாம் சாட்சி சொன்னவன், என் தங்கச்சி மகளுக்குச் சொல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வைகாசி பத்து, வியாழக்கிழமை. பன்னிரண்டரை பஸ் போன பிறகு. மாப்பிள்ளை வேப்பமரத்தடியில் இருந்தார் என்று எழுதினேன், அது வரைக்கும் நிசம். மச்சினி முறைக்காரிகள் எட்டுப் பேர், ஆளுக்கொரு குடம் மஞ்சத்தண்ணியோடு வந்தார்கள். முன்னால் வந்தது முத்தாள், எங்கள் சித்தப்பா மகள். கல்யாணம் ஆன மறுவருஷத்திலிருந்து மாப்பிள்ளை மேல் முதல் குடம் அவளுடையதுதான். அவள் இவரைத் தாண்டிப் போய் டீக்கடைக்காரன் தலையில் ஊற்றினாள்.

"ஏ முத்தாளு, எம்மேல ஊத்தலையா?" என்றார்.

"தேறி வாங்க மச்சான், அடுத்த வருசம் ரெண்டு கொடமா ஊத்துறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களும் இவரைப் பார்க்காத மாதிரி ஒதுங்கி அங்கிட்டுப் போனார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை, பயம்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் காதுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "என்ன மச்சான், செத்தவன் கணக்குல சேத்துட்டாய்ங்களா என்னைய?"

அது என்னால் பொறுக்க முடியவில்லை ஆத்தா. கீழே ஒரு குடம் இருந்தது. ஊரணியில் மொண்ட தண்ணீர். எடுத்தேன். இடது தோளில் கொஞ்சம் ஊற்றத்தான் நினைத்தேன். குடம் கை தவறிக் கவிழ்ந்தது என்று நீ நினைத்துக்கொள்ளலாம், கவிழவில்லை. நான் கவிழ்த்தேன். தலை வழியாக முழுக் குடமும். "அண்ணனே ஊத்திட்டாரு, இனி என்ன!" என்று முத்தாள் ஓடி வந்தாள். எட்டுக் குடமும் திரும்ப நிறைந்து வந்தது. மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தார். அத்தனை பேரும் சிரித்தோம்.

வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றினால், கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்த தாள் பாதி உரிந்து, குழாய் உள்ளே போகிற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. "கந்தர்வக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் மாப்ள" என்றேன். "வேணாம் மச்சான். செவந்திக்குத் தெரிஞ்சா என்னைய கொன்னே போடுவா. நித்யா இனிமே ஊருக்கே விடாது. சொல்லமாட்டேன்னு கையில அடிங்க" என்றார். அடித்தேன்.

தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். காலையில் பால் கறந்துவிட்டுக் கை துடைத்த துண்டு. பெட்டிக்கடையில் பிளாஸ்திரி வாங்கி நான்தான் ஒட்டினேன், உள்ளே ஈரத்தோடு.

அந்த மூன்று வரியில் சொன்னது இதுதான். சொல்லி முடித்ததும், கையில் அடித்துக் கொடுத்தது ஞாபகம் வந்து அடிக்கச் சொன்னேன் என்று பிளெஸ்ஸியிடம் சொன்னேன். அதுவும் முழு நிசம் இல்லை. என் தங்கச்சி என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயந்தேன். அந்த மூன்று வரியை அன்றே அந்த டாக்டர் பார்த்திருந்தால் குழாயை அன்றே உருவியிருப்பார். பிளெஸ்ஸி கையில் செல் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கலாம்.

உன் கை சுத்தமான கை. இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டு.

வீரய்யா.


தாம்பரம்,
6.8.2024

மாமா,

ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஜூலை மூன்றாம் தேதி விடியற்காலை அப்பா போனார். நீங்கள் அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து சேர்ந்தீர்கள். உங்கள் கடிதம் எட்டாம் தேதிதான் தபால் பெட்டியில் கிடைத்தது. அதற்குள் நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

தேதியைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிறந்த வீட்டுக் கோடி என்று நீங்கள் அம்மா தோளில் சேலையைப் போட்டபோது, கடிதம் வழியில் வந்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். "எனக்கு இனி நீதாண்ணே" என்று அம்மா உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் தெரியும். நான் இரண்டடி தள்ளி நின்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் முதலில் நினைத்தேன். பிறகு அப்பா எழுந்து நின்று கையை விரித்துச் சிரித்தார் என்ற இடத்தை மட்டும் பல தடவை படித்தேன். கடைசி ஒரு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதற்காக உங்களிடம் கோபப்படுவதா, பொறாமைப்படுவதா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் வாசித்துக் காட்டவில்லை. மாமா சுகம் கேட்டு எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது அண்ணன் ஒருத்தர்தான். அதையும் என் கையாலேயே எடுக்கச் சொல்கிறீர்களா? இப்போதும் அம்மா தனக்குத் தானேதான் சமைத்துக்கொள்கிறார், முழங்கால் வலியோடு. அது இப்படியே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது.

நித்யா.


பெருங்கொல்லைப்பட்டி,
13.8.2024

தங்கச்சி செவந்திக்கு அண்ணன் வீரய்யா.

நீ அஞ்சாவது வரைக்கும் படித்தவள். இதை நித்யாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. எத்தனை நாள் ஆனாலும் நீயே எழுத்துக் கூட்டி வாசி.

மாப்பிள்ளை தலையில் மஞ்சத்தண்ணிக் குடத்தைக் கவிழ்த்தது நான். கட்டு நனைந்ததைப் பார்த்தது நான். அழுக்குத் துண்டால் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி மறைத்தது நான். அந்தத் தண்ணீர்தான் அவர் ரத்தத்துக்குள் போனது. டாக்டர் கேட்டார் என்று நித்யா எழுதிய பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். மாப்பிள்ளை நித்யாவிடம் சொன்னது பாதி நிசம். மீதிப் பாதியில் என்னைக் காப்பாற்றினார்.

உன் மகள் கையில் ஒன்றும் இல்லை. அவளை நீ வார்டு வாசலில் வைத்துக் கேட்டதெல்லாம் என்னைக் கேட்டிருக்க வேண்டியது. எல்லாம் எழுதி ஒரு கடிதம் அவளிடம் இருக்கிறது. என்னை உனக்கு இல்லாமல் ஆக்கக்கூடாது என்று அவள் அதை மறைத்து வைத்திருக்கிறாள். வாங்கிப் பார்.

உன் தோளில் கோடி போட்ட கையும் இந்தக் கைதான்.

இதில் அடித்தல் ஒன்றும் இல்லை. பிளெஸ்ஸியிடம் கேட்டு, தாளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டேன். கோர்ட்டில் வைக்கிற மாதிரி கீழே பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.


தாம்பரம்,
20.9.2024

வீரய்யா அண்ணனுக்கு செவந்தி எழுதுவது.

உங்கள் கடிதம் வாசித்து முடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. நித்யாவிடம் இருந்ததை வாசிக்க இன்னும் பத்து நாள். அதற்குப் பிறகு எழுத மனசு வரவில்லை.

அவர் என்னிடம் சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன். நிறைய ஏசியிருப்பேன். ஏசிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பேன். நான் ஏசுவேன் என்று அவரும் பயந்தார், நீங்களும் பயந்தீர்கள். அதை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நித்யா தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, வழக்கம்போல் அந்தப் பக்கம் போகப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. "பெசஞ்சு குடுடி" என்றேன். "கை எரியும்மா, கரண்டியில தாரேன்" என்றாள். "கரண்டி வேணாம்" என்றேன். மூன்று உருண்டை கொடுத்தாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் முடியவில்லை.

அடுத்த வைகாசிக்கு நான் வரவில்லை.

உங்கள் காதை டாக்டரிடம் காட்டினீர்களா என்று நித்யா கேட்டு எழுதச் சொன்னாள். நான் இன்னும் கேட்கவில்லை.

செவந்தி.